இரண்டாவது மெழுகுவர்த்தி

எட்டு வியாழக்கிழமைகள் போய்விட்டன. இன்று ஒன்பதாவது.

குழந்தை இயேசுவுக்கு மௌரீன் நேர்ந்துகொண்ட நவநாள் இன்றோடு முடிகிறது. வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். சிஸ்டர்கள் நடத்தும் ஆஸ்பத்திரியின் நர்ஸிங் ஸ்கூலில் மகள் ரூபினிக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும். முப்பது இடத்துக்கு நானூறு பேர் மோதுகிற ஸ்கூல் அது. நுழைவுத் தேர்வு எழுதுவதற்கு முன்பே ஒரு வாசலைத் தாண்டியாக வேண்டும்: பங்குத்தந்தையின் சிபாரிசு. ஒரு கோவில் பங்கிலிருந்து ஒரு பெயர்தான். ரூபினியின் பெயரை மாலைப் பூசை முடிந்ததும் கொடுத்துவிடுவதாக மௌரீன் போன வாரமே ஃபாதரிடம் சொல்லியிருந்தாள்.

அதே போன வாரத்தில், மௌரீனுக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்திருந்தது. மாடிப்படியில் நின்றிருந்த ரூபினியின் காதில், சின்னம்மா ஜசிந்தா போனில் பேசியது விழுந்தது.

"வயசு முப்பத்தஞ்சு முடிஞ்சிருக்கக் கூடாதா மேடம்? சரி மேடம். இல்ல, எனக்கில்ல. தெரிஞ்சவங்களுக்கு."

ஜசிந்தாவுக்கு வயது முப்பத்து நான்கு. வருகிற மாதம் முப்பத்தைந்து.

ரூபினி அதை யாரிடமும் சொல்லவில்லை.

*

விவேக் நகரில், கோவிலுக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீடு. காலையிலேயே கூடத்தில் நாடி பார்க்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நோயாளி, ரூபினியின் அப்பா கிளெமென்ட். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். முதல் டிரிப்புக்கு இன்னும் நேரமிருந்தது.

"அப்பா, கையை ஆட்டாதே."

"நான் எங்கம்மா ஆட்டறேன்? உங்கம்மா குரல் சமையல் ரூம்ல கேட்டுது. அது தானா ஆடுது."

"கேக்குது, கேக்குது," என்றாள் மௌரீன் உள்ளிருந்து.

ரூபினியின் மணிக்கட்டில் இருந்தது கிளெமென்ட்டின் கல்யாண வாட்ச். மாமனார் போட்ட ஹெச்.எம்.டி. நொடி முள் இன்னும் ஒழுங்காக ஓடுகிற ஒரே கடிகாரம் அந்த வீட்டில் அதுதான்.

"எழுபத்தாறு. நார்மல். நீ வா சின்னம்மா."

ஜசிந்தா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஈஜிபுராவில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்கவுன்டர் அவளுடையது. கையை நீட்டினாள். ரூபினி முள்ளைப் பார்த்து எண்ணினாள். எண்ணிவிட்டு நிமிர்ந்தாள்.

"நூறைத் தாண்டி ஓடுதே?"

"படி ஏறி வந்தேன்டி."

"எப்போ? நீ இன்னும் கீழயே போகலையே."

"அப்போ உன் எண்ணிக்கை தப்பு. சரி, இன்டர்வியூ கேள்வி. நீ ஏன் நர்ஸ் ஆகணும்னு நினைக்கிறே?"

"சேவை செய்யறதுக்கு."

"எல்லாப் பொண்ணும் அதைத்தான் சொல்லும். சிஸ்டருக்குத் தூக்கம் வந்துரும்."

"அப்போ நீ என்ன சொல்லுவே?"

ஜசிந்தா யோசிக்கவே இல்லை. "ஒருத்தர் வலியில இருக்கறப்போ பக்கத்துல நிக்க எனக்குப் பயமில்ல. அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான், அதை ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்ததுபோல் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே பட்டது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ரூபினி வாட்சைக் காதில் வைத்துக் கேட்டபடி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மௌரீனும் கிளம்பினாள். பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் அவள் லைன் சூப்பர்வைசர். ஷிப்டு மாறி மாறி வருவதால், ஒன்பது வாரத்தில் பாதி வியாழக்கிழமைகளுக்கு அவளுக்குப் பதிலாகத் தங்கைதான் கோவிலுக்குப் போய் நின்றாள். இன்றைக்கு மட்டும் சண்டை போட்டு அரை நாள் பெர்மிஷன் வாங்கியிருந்தாள்.

"அப்படியே எங்க அக்கா வீட்டையும் எட்டிப் பாத்துட்டு வர்றது. உன் ஃபேக்டரிக்கு அடுத்த தெருதானே," என்றான் கிளெமென்ட்.

"உங்க எமிலியக்கா வாசல்ல என் செருப்புகூட நிக்காது."

"அதானே கேட்டேன், இன்னைக்கு இன்னும் சொல்லலையேன்னு."

எமிலி, ஞானஸ்நானத்தன்று ரூபினிக்குத் தாயாக நின்ற ஞானத்தாய். ரூபினி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தன்று கூட்டம் நெருக்கியடித்ததில், ஞானத்தாயைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். எமிலியின் இலைக்குப் பிரியாணி வந்து சேர்ந்தபோது அதில் கறியே இல்லை. இலையை மூடிவிட்டு எழுந்தாள். "போறவங்க போகட்டும்" என்று மௌரீன் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அந்த விருந்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. அந்தத் தெருமுனையைக் கடக்கும்போது பஸ்ஸில்கூட மௌரீன் மறுபக்க ஜன்னலைத்தான் பார்ப்பாள்.

*

வியாழக்கிழமைகளில் ஜசிந்தா ஈஜிபுராவிலிருந்து நடந்தே வருவாள். பஸ்ஸில் வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம். நடந்தால் நினைத்துக்கொண்டே வரலாம்.

அவள் சின்னவளாக இருந்தபோது இந்தப் பக்கமெல்லாம் இத்தனை மாடிகள் இல்லை. அவர்கள் இருந்தது, இங்கே வட்டாரம் என்று சொல்கிற ஒரு கூட்டுக் குடியிருப்பில். நடுவில் முற்றம், சுற்றிலும் எட்டு வீடு, எல்லாருக்கும் ஒரே குழாய். எட்டு வீட்டுக் கைகளும் ஜசிந்தாவுக்கு அத்துபடி. பள்ளிக்கூடத்தில் நாடி என்று ஒரு பாடம் நடத்தினார்கள். அன்று சாயங்காலமே புது மாப்பிள்ளை கிளெமென்ட்டிடம் வாட்சை இரவல் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

"டாக்டரம்மா வந்தாச்சு, நீட்டுங்க கையை" என்று குழாயடியில் சிரிப்பார்கள். கன்னடக்காரக் கமலம்மா மட்டும் சிரிக்கமாட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டுவார். "நோடம்மா, நன்ன ஹார்ட்டு சரியா ஓடுதா?" என்று பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் கேட்பார். சரியாக ஓடுகிறது என்று சொன்னால் அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து ஓர் ஒப்பட்டு, நம் போளிதான், வரும். ஜசிந்தா சொன்ன நாடியெல்லாம் நல்ல நாடியாகவே இருந்ததற்கு அந்த ஒப்பட்டும் ஒரு காரணம்.

பி.யூ.சி. முடித்தாள். இதே நர்ஸிங் ஸ்கூல். அப்போது சிபாரிசெல்லாம் கேட்கவில்லை. எழுத்துத் தேர்வும் இன்டர்வியூவும்தான். எழுத்துத் தேர்வில் தேறினாள். இன்டர்வியூவுக்கு வெள்ளை ஷூ வேண்டும் என்றார்கள். பழைய கான்வாஸ் ஷூவை அலசிக் காயவைத்து, சாக்பீஸை நனைத்துப் பூசி, மறுபடி காயவைத்து, மறுபடி பூசி, வட்டாரமே வேடிக்கை பார்த்தது. "கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு வெள்ளையடிக்க மாட்டாங்க" என்றாள் அம்மா.

இன்டர்வியூவன்று காலையில் மழை. ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவளை, உள்ளேயிருந்து அக்காவின் குரல் நிறுத்தியது. டாக்டர் சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே வலி. கிளெமென்ட் அப்போது டூரிஸ்ட் கார் ஓட்டினான், மைசூரில் இருந்தான். அம்மா ஒரு பக்கம் அழ, ஜசிந்தாதான் ஆட்டோ பிடித்தாள்.

பிரசவ வார்டின் வராண்டா இப்போதும் கண்ணில் நிற்கிறது. மழைத்தண்ணீரில் சாக்பீஸ் கரைந்து, அவள் நடந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கால்தடம். "யாரும்மா இது, தரையெல்லாம் கோலம் போட்டது?" என்று ஒரு நர்ஸ் சத்தம் போட்டாள். சத்தம் போட்ட அதே நர்ஸ்தான் கடைசியில், துணியில் சுற்றிய ஒரு சிவப்பு முகத்தை அவள் கையில் கொடுத்தாள்.

"நீ யாரு இதுக்கு?"

"சின்னம்மா."

முதன்முதலாக அந்தச் சொல்லைச் சொன்னது அன்றைக்குத்தான். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. வெளியே மழை விட்டிருந்தது. இன்டர்வியூ முடிந்திருந்தது. அப்புறம் அம்மா படுத்தாள், அப்புறம் அம்மா போனாள், அப்புறம் ஒரு வேலை, இன்னொரு வேலை. வருத்தம் என்று உட்கார்ந்து பட்டதில்லை.

ரூபினியின் கைட் புத்தகம் வீட்டுக்குள் வரும்வரை. இதயத்துக்கு எத்தனை அறை என்று அவள் சத்தமாகப் படித்தபோது, கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டிருந்த ஜசிந்தாவின் வாய் தானாகப் பதில் சொன்னது. அன்றைக்கு ஆரம்பித்தது.

*

மௌரீன் மூன்றரைக்கே கோவிலுக்கு வந்துவிட்டாள். வியாழக்கிழமைக் கூட்டம். வாசலில் பூவும் மெழுகுவர்த்தியும் விற்கிற கடைகள். காந்தாவிடம்தான் அவர்கள் எப்போதும் வாங்குவது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கயிறு, கடையில் மாட்டியிருப்பது குழந்தை இயேசு படம். காந்தா முப்பது வருஷமாக அப்படித்தான்.

"என்னம்மா மௌரீன், இன்னைக்கு நீயே வந்துட்டியா? உன் தங்கச்சி வரலையா?"

"ஏன், நான் வந்தா ஆகாதா?"

"வியாபாரம் ஆகாதே. நீ ஒரு மெழுகுவர்த்திதான் வாங்குவே. அது வந்தா ரெண்டு."

மௌரீனின் கை நின்றது. "ரெண்டா?"

"வர்ற வாரமெல்லாம். போன வாரம் மட்டும்தான் ஒண்ணு. ஒண்ணு அக்கா பொண்ணுக்குன்னு சொல்லும். இன்னொண்ணு யாருக்குடீன்னா சிரிக்கும். நான் என்ன விடுவேனா? கேட்டுக் கேட்டுப் பாத்தேன். வாயே திறக்கல."

அவர்கள் அம்மா சொல்லிவைத்த ஒரு கட்டுப்பாடு உண்டு. நவநாளில் ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி நிற்கலாம், தப்பில்லை. ஆனால் நிற்க வருகிறவள் தன் வேண்டுதலை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஒரு நவநாளுக்குள் இரண்டு வேண்டுதல் கலந்தால் இரண்டும் கேட்காது. மறுபடி முதல் வியாழனிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுபடி தொடங்க ஏது நேரம்? பெயர் கொடுக்க வேண்டியது இன்றைக்கு.

ஜசிந்தா வந்து சேர்ந்தபோது அக்கா தூண் ஓரத்தில் காத்திருந்தாள்.

"யாருடி அது?"

"யாரு, யாரு?"

"ரெண்டாவது மெழுகுவர்த்தி. காந்தா சொன்னா. என் நவநாள்ல நீ எவனுக்குடி மெழுகுவர்த்தி ஏத்தறே? அந்தப் பல் டாக்டரா? அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குடி!"

"அய்யோ அக்கா! கோவில்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசறே. அவருக்கு அறுபது வயசு."

"அப்போ யாருக்கு?"

ஜசிந்தா பர்ஸின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"எனக்குத்தான்."

"உனக்கா? உனக்கு என்ன?"

"அதே சீட்டுதான்க்கா. நர்ஸிங் சீட்டு."

கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு போனது. ஒரு ரோஜா மாலை மௌரீனின் தோளில் உரசிவிட்டுச் சென்றது. அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"என் பொண்ணு சீட்டையா கேட்டே? நான் உன்னை நம்பி அனுப்பினா, என் இடத்துல நின்னு என் பொண்ணு சீட்டையா கேட்டே?"

"நான் எதுக்கு அவ சீட்டைக் கேக்கப் போறேன்? ரெண்டு சீட்டுதான் கேட்டேன். ஒரு பங்குக்கு ஒண்ணுன்னு ஃபாதர் போன வாரம்தானே சொன்னாரு. எனக்கு என்ன தெரியும்?" ஜசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "தெரிஞ்சதும் விட்டுட்டேன்க்கா. போன வாரம் ஒண்ணுதான் ஏத்தினேன். ரூபினி பேரையே குடு. நான் கேட்டேன்னு யாருக்கும் தெரிய வேணாம். இர்லி பிடு, இருக்கட்டும் விடு."

"அடுத்த வருஷம் போடேன்."

"அடுத்த மாசம் முப்பத்தஞ்சு முடியுது. அப்புறம் எடுக்க மாட்டாங்க."

கேட்க வேண்டும் என்று நினைக்காமலே மௌரீன் கேட்டாள்.

"அன்னைக்கு, இவ பொறந்த அன்னைக்கு... நான்தான் உன்னைப் போகச் சொன்னேனே?"

ஜசிந்தா சிரித்தாள். கசப்பில்லாத சிரிப்பு; பழைய போட்டோவைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"சொன்னே. 'நீ போடி, நேரமாச்சு, போடி'ன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தே. கையை விடலையேக்கா."

கோவில் மணி அடித்தது.

*

பூசை முழுவதும் மௌரீன் முழந்தாளில் இருந்தாள். ஒரு செபமும் முழுசாக வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு மணிக்கட்டு. வலி ஏறும்போதெல்லாம் அவள் நகம் பதிந்த மெல்லிய மணிக்கட்டு. அதில் கிளெமென்ட்டின் வாட்ச் இருந்தது. இன்டர்வியூவுக்கென்று கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வலிக்கு நடுவில் தங்கை அந்த வாட்சைப் பார்த்து, "இப்போ அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருதுக்கா, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மௌரீன் கரையேறினாள்.

வலியைத்தான் கணக்குப் பார்க்கிறாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இன்டர்வியூ நேரமும் அதே முள்ளில்தான் போய்க்கொண்டிருந்தது.

வலது பக்கம் திரும்பினாள். வெள்ளை சுடிதாரில் ரூபினி. நேற்று ராத்திரி அதை இஸ்திரி போட்டதும் மௌரீன்தான். இதற்காக எத்தனை நாள் விடியலில் எழுந்து படித்திருக்கிறது இந்தப் பிள்ளை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கையை விட்டாக வேண்டும்.

பூசை முடிந்து, வேன் டிரிப்பை முடித்துவிட்டு வந்திருந்த கிளெமென்ட்டோடு நால்வரும் ஆபீஸ் அறைக்குப் போனார்கள். ஃபாதர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வாங்க மௌரீன். ஒன்பது வாரமும் நல்லபடியா முடிஞ்சுதா? சொல்லுங்க, பேரு?"

வாயைத் திறந்தபோதும் எந்தப் பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஜசிந்தா மேரி, ஃபாதர்."

கிளெமென்ட் திரும்பிப் பார்த்தான். ஃபாதரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"அக்கா! ஃபாதர், அது இல்ல. ரூபினின்னு போடுங்க," என்றாள் ஜசிந்தா. "நான் போக மாட்டேன்க்கா."

மௌரீன் இரண்டு கையையும் விரித்துத் தங்கையின் முன்னால் நீட்டினாள்.

"பாரு. இந்தத் தடவை நான் பிடிக்கல. போடி."

ஜசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபாதர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வயசு ஒத்து வருமா?"

பதில் வந்தது ரூபினியிடமிருந்து.

"வரும் ஃபாதர். அடுத்த மாசம்தான் முப்பத்தஞ்சு முடியுது."

குரல் தெளிவாக இருந்தது. கண் மட்டும் சுவரில் இருந்த காலண்டரை விட்டு அசையவில்லை.

"நல்லது. ஞானஸ்நானம் இங்கதானே ஜசிந்தா? எப்படியும் இந்தப் பங்குதான். குடியிருக்கிற பங்கு, இல்லன்னா ஞானஸ்நானம் வாங்கின பங்கு, ரெண்டுல ஒண்ணு போதும்ங்கிறாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாப் பங்கும் பேரை அனுப்பிடணும்." ஃபாதர் எழுதினார்.

*

வெளியே வந்ததும் ரூபினி முன்னால் நடந்தாள். ஜசிந்தா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"இப்போ பிடிக்காதே சின்னம்மா. அழுதுடுவேன்," என்று ரூபினி கையை விடுவித்துக்கொண்டாள். இரண்டடி போய், திரும்பாமலே வாட்சைக் கழற்றிப் பின்பக்கமாக நீட்டினாள். "நுழைவுத் தேர்வு முடியறவரைக்கும் ஒருநாள் நீ, ஒருநாள் நான். ஆனா எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். எனக்கு எங்க ஞானஸ்நானம் குடுத்தீங்க?"

"இங்கதான்..." என்று ஆரம்பித்த மௌரீன் நின்றுவிட்டாள்.

இங்கே இல்லை. குறைமாதக் குழந்தை, உடனே கொடுத்துவிட வேண்டும் என்று எல்லாரும் பயந்தார்கள். மௌரீன் படுக்கையில் இருந்தாள். குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், தன் பங்குச் சாமியாரைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி, ஞானஸ்நானம் கொடுக்க வைத்தவள் எமிலி.

"பொம்மனஹள்ளில," என்றான் கிளெமென்ட்.

"அங்க இந்த வருஷம் யாராவது நர்ஸிங்குக்குப் போறாங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? எங்க அக்காவுக்குத் தெரியும். அந்தக் கோவில்ல பூ ஜாடி நகரணும்னாலும் அவங்களைக் கேட்டுத்தான் நகரும்."

மூவரும் மௌரீனைப் பார்த்தார்கள். அவள் காந்தாவின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காந்தா விளக்கைப் போட்டுவிட்டு, கேட்காமலே இரண்டு மெழுகுவர்த்திகளை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

மௌரீன் இரண்டையும் வாங்கினாள். ஒன்றை ஜசிந்தாவிடம் கொடுத்தாள், ஒன்றை ரூபினியிடம். இருவரும் ஏற்றப் போனார்கள்.

"ஏங்க," என்றாள் புருஷனிடம், அவன் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்கு ஷிப்டுக்கு முன்னாடி... உங்க அக்கா காலைல எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பாங்க?"

கிளெமென்ட்டுக்கு அன்றைக்கு முதல்முறையாகக் கிண்டல் வரவில்லை.

"அஞ்சரைக்கெல்லாம் திறந்துருவாங்க," என்றான். "உன்னைப் பாத்ததும் மூடாம இருக்கணும்."